முட்டி வலி: குடும்ப மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கங்களிலும் கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர்களுக்கு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றிச் சிறு குழுக்களாகப் பயிற்சி நடத்தி வருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் மருத்துவர்களை மனதில் வைத்து எழுதியவை. முட்டி வலியோடு வாழ்பவர்களும் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

"முட்டி வலின்னா எலும்பு டாக்டர் பார்க்க வேண்டியதுதானே? எங்களுக்கு எதுக்கு இதுல தனிப் பயிற்சி?"

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. மற்ற மூட்டுகளைவிட முழங்காலில்தான் அதிகம்; அது மட்டும் சுமார் 36.5 கோடி. இத்தனை பேரையும் எலும்பு மருத்துவர்கள் பார்த்து முடிக்க முடியாது, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதே இல்லை. தெளிவான விளக்கம், உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, யோசித்து எழுதிய மருந்து இவைதான் தேவை. நான்கையும் உங்கள் கிளினிக்கிலேயே கொடுக்கலாம்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எலும்பியல் வார்டில் நாம் அதிகம் பார்த்தது எலும்பு முறிவும் அறுவை சிகிச்சையும்தான். அறுவைக்கு முந்தைய பத்துப் பதினைந்து வருடங்கள் நோயாளி உங்களிடம்தான் வருகிறார். முதல் தடவை வரும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதை வைத்துத்தான் அவர் நடப்பதா உட்கார்ந்துவிடுவதா என்று முடிவெடுக்கிறார். அந்த முதல் பேச்சைச் சரியாக அமைத்துக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி.

"எக்ஸ்ரே எடுக்காம எப்படி சார் உறுதியா சொல்றது?"

சொல்லலாம். சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்றே விஷயங்களைக் கேட்கச் சொல்கிறது. வயது 45 அல்லது அதற்கு மேலா? நடக்கும்போது, படி ஏறும்போது, அதாவது மூட்டுக்கு வேலை கொடுக்கும்போது வலி வருகிறதா? காலையில் விறைப்பு இல்லையா, இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறதா? மூன்றும் பொருந்தி, அடுத்த பதிலில் வரும் அபாய அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் நோய் இதுதான்.

எக்ஸ்ரேயில் தெரிவதும் நோயாளி படும் வலியும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. படத்தில் நான்காம் நிலை, அதாவது மிகக் கடுமையான தேய்மானம் என்று இருக்கும், அவர் அழகர்கோவிலில் மலையேறிப் பழமுதிர்சோலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். படம் சுத்தமாக இருக்கும், இவருக்குப் பஸ் படியில் கால் வைக்க முடியாது. எம்.ஆர்.ஐ. இன்னும் குழப்பும். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற ஜவ்வு கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டியவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இருந்ததில்லை. அடிபட்டிருந்தால், வேறு நோய் என்று சந்தேகம் இருந்தால், அறுவை சிகிச்சையைத் திட்டமிட்டால் படம் எடுங்கள். மற்றபடி அந்தக் காசு நோயாளியின் பையிலேயே இருக்கட்டும்.

"அப்ப எதைப் பார்த்தா வேற நோய்னு சந்தேகப்படணும்?"

ஒரே மூட்டு சூடாக, சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் இன்னும் கவனம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் முடக்குவாதம். திடீரென்று நள்ளிரவில் வந்த கடும் வலி என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயை நினையுங்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி இழுப்பதை நம் பக்கம் நிறையப் பார்க்கிறோம். காய்ச்சல் எப்போது வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். படுத்திருந்தாலும் விடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்வது, கெண்டைக்கால் வீக்கம், இவையெல்லாம் தனியாக ஆராய வேண்டியவை.

இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். இடுப்பில் இருக்கும் கோளாறு முட்டி வலியாகத் தெரிவதுண்டு. பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

"'தேஞ்சு போச்சு'ன்னு படத்தைக் காட்டிச் சொன்னாத்தான் நம்புறாங்க. வேற எப்படிச் சொல்றது?"

பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்விக்குத்தான். "எலும்போட எலும்பு உரசுதும்மா, இனி ஆபரேஷன்தான்" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மா அன்றிலிருந்து நடையைக் குறைக்கிறார். தொடைத் தசை சூம்புகிறது, எடை ஏறுகிறது, வலி கூடுகிறது. டாக்டர் சொன்னது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிடுகிறது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, உங்க முட்டில இருக்கிறது வயசோட நிறைய பேருக்கு வர்ற மாற்றம். மூட்டு உயிருள்ளது, தன்னைத்தானே கொஞ்சம் சரிபண்ணிக்கிட்டே இருக்கும். சுத்தி இருக்கிற தசையைப் பலமாக்கினா வலி குறைய வாய்ப்பு நல்லா இருக்கு. நடந்தா கெட்டுப்போகாது. எல்லாருக்கும் ஆபரேஷன் வரைக்கும் போகாது. ஆறு வாரம் சேர்ந்து முயற்சி பண்ணுவோம்." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் பொய்யான ஆறுதல் எதுவும் இல்லை, எல்லாம் உண்மை. சொல்லி முடித்ததும், "வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். எந்தப் பகுதி மனதில் நின்றது என்று தெரிந்துவிடும்.

"வலியோட நடக்கச் சொன்னா இன்னும் தேயாதா?"

தேயாது. மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அசைவும் அழுத்தமும் வந்து போகும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்குச் சத்து கிடைக்கிறது. ஓய்வு என்ற பெயரில் அசையாமல் வைத்தால் அதுவும் குறையும்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்பதற்கு, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு விளக்கமும் பயிற்சியும் கொடுக்க டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் திட்டத்தின் அளவுகோல் எளிமையானது. பத்துக்கு ஐந்து வரை வலி வந்தால் பரவாயில்லை; ஆனால் அது 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. அந்தத் திட்டத்தில் இரண்டு மூன்று விளக்க வகுப்புகளும், வாரம் இருமுறை வீதம் ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகளும் உண்டு. இங்கே அப்படியே செய்ய முடியாவிட்டாலும் ஆறு வாரம் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்க மூன்று பயிற்சி போதும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வீட்டு வாசற்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது. நோயாளியை உங்கள் கண் முன்னால் ஒரு தடவை செய்ய வையுங்கள். காகிதத்தில் எழுதிக் கொடுப்பதைவிட அது பல மடங்கு பலன் தரும். நடைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுபவர்கள் ஒரு சுற்றில் தொடங்கலாம். ஒரு பக்கம் நடந்து கல்லில் உட்கார்ந்து எழுந்து அடுத்த பக்கம் போனாலும் அது நடைதான்.

உடற்பயிற்சி எல்லா வலியையும் போக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சராசரியாகக் கிடைக்கும் பலன் மிதமானது. ஆனால் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்காது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்தே உதவும்.

"நாள் பூரா வயல்ல குனிஞ்சு நிமிர்றவங்களுக்கு உடற்பயிற்சி எதுக்கு சார்?"

விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவரிடம் "வாக்கிங் போங்கம்மா" என்றால் அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவர் உடம்பு ஏற்கெனவே உழைக்கிறது. ஆனால் வேலையில் ஒரே அசைவு, ஒரே நிலை, அதுவும் களைத்த பிறகும். தொடைத் தசை முழு வீச்சில் சுருங்கி விரிவது குறைவு. அதனால் அவருக்கு நடையைச் சொல்லாமல், மேலே சொன்ன மூன்றில் முதல் இரண்டை மட்டும் சொல்லுங்கள். காலையில் வேண்டாம், மாலையில் ஐந்து நிமிடம். வேலைக்கு நடுவில் அரை மணிக்கொரு தடவை நிமிர்ந்து காலை நீட்டச் சொல்லுங்கள். செல்லூர்ப் பக்கம் தறியில் உட்காருபவர்களுக்கும் இதே யோசனைதான்.

"கீழே உட்காரக் கூடாது, மேல்நாட்டுக் கழிப்பறைதான்னு கண்டிப்பா சொல்லணுமா?"

வலி அதிகமாக இருக்கும் வாரங்களில் சொல்லலாம். வாழ்நாள் தடையாகச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒரே கழிப்பறை, அதை மாற்ற வசதியில்லை என்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் போதும். கோயிலில், கல்யாண வீட்டில் தரையில் உட்கார முடியவில்லை என்பதை அவமானமாக நினைத்து வெளியே போவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"எடையைக் குறைங்கன்னா யாரு கேக்குறா?"

அப்படி மொட்டையாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒரு கணக்கைச் சொல்லுங்கள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றின் முடிவு இது. எழுபது கிலோ இருப்பவரிடம் "அம்பதுக்கு வாங்க" என்று சொல்வதைவிட "தீபாவளிக்குள்ள மூணரை கிலோ" என்பது கைக்கு எட்டும் இலக்கு. மொத்த எடையில் ஐந்து சதவீதம் அது.

ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடும் பரோட்டாவையும் டீக்கு நடுவே வரும் வடையையும் பற்றி விசாரியுங்கள், ஆனால் திட்டாதீர்கள். எடை கூடியவர்கள் எல்லாருடைய வாயிலும் அந்தத் திட்டை வாங்கியவர்கள். உங்களிடம் வேறு ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். ஒல்லியாக இருப்பவருக்கு எடைப் பேச்சே வேண்டாம்.

"அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைத்தான் எழுதுறேன். தப்பா?"

அதிலிருந்து தொடங்குவதுதான் தவறு. முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, முட்டியைச் சுற்றிலும் தாராளமாக, குறைந்தது இரண்டு வாரம். பெரும்பாலானவர்கள் ராத்திரி ஒரு தடவை கடுகளவு தேய்த்துவிட்டு "கேக்கல" என்கிறார்கள்.

ஜெல் போதாவிட்டால் மாத்திரை. குறைந்த அளவு, குறைந்த நாள், கூடவே வயிற்றைக் காக்கும் மாத்திரை. எழுதும் முன் பழைய சீட்டைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் அல்லது லோசார்ட்டான், கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதன் மேல் நீங்கள் எழுதும் வலி மாத்திரை: இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் ஆபத்து கூடுகிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு இன்னும் அதிகம். நம் நோயாளிகளில் பலர் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்குபவர்கள். "வேற எங்கயாவது வாங்கிச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் வலி மாத்திரையே வேண்டாம்.

பாராசிட்டமாலை மட்டும் தினமும் கொடுப்பதால் முட்டி வலியில் பெரிய பலன் இல்லை என்பதால் நைஸ் அதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஓபியாய்டு வகை வலி மருந்தான டிரமடாலும் அப்படித்தான்.

"ஊசி போடலைன்னா அடுத்த கிளினிக்குக்குப் போயிடுவாங்க."

சிலர் போவார்கள். இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி மாத்திரையைவிட இந்த நோயை நன்றாக ஆற்றுவதில்லை; மாத்திரைக்கு உள்ள ஆபத்துகள் அதற்கும் உண்டு. வெறுங்கையோடு அனுப்பினால்தான் அவர் அடுத்த கிளினிக்கைத் தேடுவார். முட்டியைத் தொட்டுப் பார்த்து, பயிற்சி ஒன்றைச் செய்ய வைத்து, ஜெல் எழுதி, இரண்டு வாரத்தில் வரச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தால் திரும்பி வருகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"முட்டிக்குள்ள போடுற ஊசி? ஸ்டீராய்டு, ஜெல் ஊசி, பி.ஆர்.பி.?"

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். வீங்கிப் போய்ப் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு ஒரு தடவை போடலாம். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் கரைந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களைவிடப் பிசியோதெரபி செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஜெல் ஊசி எனப்படும் ஹயலூரானிக் அமில ஊசியைக் கொடுக்க வேண்டாம் என்பது நைஸின் பரிந்துரை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் உப்புநீர் ஊசியைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை. நகையை அடகு வைத்து இதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரைத் தடுக்க வேண்டியது நம் கடமை.

"குளுக்கோசமின், கால்சியம், கொலாஜன் பவுடர்?"

குளுக்கோசமின் வேண்டாம். கால்சியமும் வைட்டமின் டி-யும் எலும்புத் திண்மைக்கானவை, குறைபாடு இருந்தால் கொடுங்கள். முட்டி வலிக்காகக் கொடுக்காதீர்கள். கொலாஜனுக்குச் செலவழிக்கும் காசில் முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

"தைலம், கட்டு, நாட்டு மருந்துன்னு போறவங்களை என்ன செய்ய?"

தைலம் தேய்ப்பதையோ ஒத்தடம் கொடுப்பதையோ கேலி செய்து அவர்களை இழந்துவிடாதீர்கள். சுகமாக இருந்தால் தொடரட்டும். பெயர் இல்லாத பொடி, உறையில்லாத மாத்திரை என்றால்தான் கவலை. இரண்டே நாளில் வலி மாயமாகி, முகம் உப்பி, சர்க்கரை ஏறியிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல மாதம் சாப்பிட்டவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. மெதுவாகக் குறைக்க வேண்டும்.

"எப்ப அறுவை சிகிச்சைக்கு அனுப்புறது? வயசு, எடை பார்க்கணுமா?"

மேலே சொன்னவற்றை உண்மையாகவே சில மாதம் செய்த பிறகும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, வீட்டுக்குள் நடமாடுவதே பாடு என்றால் அனுப்புங்கள். எக்ஸ்ரே நிலையை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். வயது அதிகம், எடை அதிகம் என்பதற்காக மட்டும் தடுத்தும் வைக்காதீர்கள். தாமதித்து, கால் வளைந்து, தசை கரைந்த பிறகு போனால் பலன் குறையும்.

நோயாளிக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். செயற்கை மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அதே நேரம், செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓரளவு வலி தொடர்கிறது. செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களை அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளிப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள்.

துளை போட்டு மூட்டைக் கழுவும் ஆர்த்ராஸ்கோபியை மூட்டுத் தேய்மானத்துக்காகப் பரிந்துரைக்காதீர்கள். 2002-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில், அதைச் செய்துகொண்டவர்களை, தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலியில் எந்த வித்தியாசமும் இல்லை.

"ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறேன். இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?"

ஒரே நாளில் எல்லாம் செய்ய வேண்டாம். முதல் வருகையில் அந்த மூன்று கேள்வி, இடுப்பு, ஒரு நிமிட விளக்கம், ஒரு பயிற்சி, ஜெல். இரண்டாம் வருகையில் எடை, உணவு, அடுத்த பயிற்சி. ஆறாவது வாரத்தில் மறுபரிசீலனை. பயிற்சியைச் செய்து காட்டும் வேலையை உங்கள் செவிலியரிடம் ஒப்படையுங்கள். அவரையும் எங்கள் வகுப்புக்கு அழைத்து வரலாம், வர வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி உண்டு. வெளியே வர முடியாத முதியவரைப் பற்றி உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். தனியார் மருத்துவர்கள் பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை சி.எம்.இ. போதாதா?"

மருத்துவக் கவுன்சில் விதிகள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கின்றன. ஓட்டல் அரங்கில் உட்கார்ந்து அந்தக் கணக்கை முடித்துவிடலாம். நடைமுறை மாறுமா என்பது வேறு கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, மருத்துவர்களுக்கான கல்விக் கூட்டங்களைப் பற்றி 2009-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், விரும்பிய நடைமுறை கூடியது சராசரியாகச் சுமார் 6 சதவீதப் புள்ளி மட்டுமே. நேரில் கிளினிக்குக்கே போய்ப் பேசினால் மருந்து எழுதும் பழக்கத்தில் ஏற்படும் மாற்றம் சுமார் 5. சிறிய எண்கள்தான், ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகள் மீது பரவும்போது சிறியவை அல்ல. சொற்பொழிவோடு செய்து பழகுவதையும் சேர்த்தால் பலன் கூடுகிறது.

அதனால் எங்கள் வகுப்பில் ஸ்லைடு குறைவு. ஒருவர் நோயாளியாக நடிப்பார். "ஊசி போடுங்க டாக்டர்" என்று பிடிவாதம் பிடிப்பார். இன்னொருவர் பேசிச் சமாளிக்க வேண்டும். மற்றவர்கள் கவனித்துக் கருத்துச் சொல்வார்கள். எல்லாரும் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவோம். அடுத்த மாதம் மறுபடி சந்திப்போம். மருந்துக் கம்பெனி செலவில் இதை நடத்துவதில்லை. குளுக்கோசமின் விற்பவர் சாப்பாடு போட்டால் அதை எழுதாதீர்கள் என்று அங்கே சொல்வது கடினம்.

"நான் மாறியிருக்கேனான்னு எனக்கே எப்படித் தெரியும்?"

உங்கள் கிளினிக்கில் கடைசியாகப் பார்த்த இருபது முட்டி வலி நோயாளிகளின் சீட்டுகளை எடுங்கள். நான்கு கட்டம் போடுங்கள்: பயிற்சி சொல்லிக் காட்டினேனா, தேவைப்பட்டவரிடம் எடையைப் பேசினேனா, மாத்திரைக்கு முன் ஜெல் கொடுத்தேனா, அழுத்த மாத்திரையைப் பார்த்துவிட்டு வலி மாத்திரை எழுதினேனா. கூடவே, தேவையில்லாமல் எழுதிய எக்ஸ்ரே எத்தனை என்று ஓரத்தில் குறியுங்கள். எழுதி வைக்காததைச் செய்ததாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த இருபது சீட்டுகளை அதேபோல எண்ணுங்கள். நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு இரண்டு தாளையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கட்டம் நகரவில்லையோ, அன்றைய வகுப்பில் அதை எடுத்துப் பேசுவோம்.